மீன் இல்லாதிருந்த ஏரி

(பாடசாலையின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் 1984 உயர்தர வகுப்பினரின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



எங்களுக்கு முன்னர் பேசிய வகுப்பினர் தங்கள் காலத்து நாடகப் போட்டியையும் விளையாட்டுப் போட்டியையும் நினைவுகூர்ந்தார்கள். கேட்க இனிமையாக இருந்தது. எங்களிடமும் அப்படியான கதைகள் உண்டு. ஆனால் இன்று நாங்கள் சொல்ல வந்தது ஓர் ஏரியின் கதை. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், ஒரு மலையின் உச்சியில் இருக்கும் ஏரி அது. அதற்கும் எங்கள் பாடசாலைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்பீர்கள். போகும்போது எங்களுக்கும் தெரியாது. திரும்பி ஏறும்போதுதான் தெரிந்தது.

உண்மையைச் சொன்னால், கதை ஒரு சண்டையில்தான் தொடங்குகிறது. நூற்றாண்டுக்கு எங்கள் வகுப்பின் அன்பளிப்பாக எதைக் கொடுப்பது என்று வட்ஸ்அப் குழுவில் கதைக்கத் தொடங்கினோம். ஒரு பகுதியினர் வாசலில் ஓர் அலங்கார வளைவு கட்டி, அதில் எங்கள் வகுப்பின் ஆண்டைப் பொறிக்க வேண்டும் என்றார்கள். மற்றப் பகுதியினர் பிரதான மண்டபத்துக்குக் குளிரூட்டி பூட்ட வேண்டும் என்றார்கள். மூன்று மாதம் இழுபட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்து, ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் சாப்பிட்ட இருவர், ஒருவரோடு ஒருவர் பேசுவதை விட்டார்கள். ஒருத்தி குழுவை விட்டே போய்விட்டாள்.

ஆனால் பயணத்துக்கான சீட்டுகளைச் சண்டைக்கு முன்னரே எடுத்துவிட்டோம். அந்தப் பணம் திரும்பி வராது. ஆகவே 2023 ஜூலையில் ரொறன்ரோ, லண்டன், சிட்னி, ஒஸ்லோ, கொழும்பு, யாழ்ப்பாணம் என்று பல இடங்களிலிருந்து பதினொரு பேர் போட்லண்ட் நகரில் வந்து இறங்கினோம். வாடகைக்கு எடுத்த வாகனங்கள் இரண்டு. வளைவுக்காரர் ஒன்றில் ஏறினார்கள். குளிரூட்டிக்காரர் மற்றதில் ஏறினார்கள். யாரும் அப்படி ஏற்பாடு செய்யவில்லை. அப்படித்தான் அமைந்தது.

ஏறத்தாழ ஐந்து மணிநேர ஓட்டம். வழிநெடுக ஊசியிலைக் காடு. ஏரியை அண்மிக்கும்போது திடீரென்று காடு விலகி, மரமில்லாத ஒரு வெளி வந்தது. தரை முழுவதும் வெளிறிய நுரைக்கல். கையில் எடுத்தால் கல்லின் பாரம் இல்லை. எரிமலை கக்கிய கல் அது. கக்கி 7,700 ஆண்டுகளாகியும் அந்த வெளியில் இன்னும் மரம் பிடிக்கவில்லை.

பிறகு மலையேற்றம். கடைசி வளைவு வரைக்கும் ஏரி கண்ணில் படவே இல்லை. வாகனத்தை நிறுத்திவிட்டு விளிம்புக்கு நடந்து போனோம். அங்கே சண்டையும் நின்றது, கதையும் நின்றது. காலடியிலிருந்து செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர். அதன் அடியில் நீலம். கடலின் நீலமும் அல்ல, வானத்தின் நீலமும் அல்ல. எழுதுபேனைக்கு நாங்கள் ஊற்றிய மை போத்தலை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியுமே, அந்த நீலம். ஜூலை மாதத்திலும் கரைப் பாறைகளின் நிழலில் பனி கிடந்தது.

எங்கள் புவியியல் ரீச்சரை அங்கே நினைக்காதவர்கள் எங்களில் இல்லை. ஒருமுறை அவர் எங்களை நிலாவரைக்குக் கூட்டிப்போனார். அடியில்லாத கிணறு என்று ஊரார் சொல்வதை நாங்களும் சொன்னோம். ரீச்சர் சிரித்தார். "அடியில்லாத கிணறு எண்டு ஒண்டும் இல்லைப் பிள்ளையள். அளக்கப் போதுமான கயிறு இல்லை, அவ்வளவுதான்" என்றார். சுண்ணாம்புக்கல் கரைந்து, உள்ளே குகையாகி, அதன் கூரை உடைந்து விழுந்ததால் நிலாவரை உண்டானது என்று விளங்கப்படுத்தினார். எரிமலை வாய் ஏரிகளும் சிலவேளை அப்படித்தான், மேலே வெடித்துப் பறப்பதல்ல, உள்ளே விழுவதுதான் பெரிய குழி என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார். அந்தப் படத்தை நாங்கள் கொப்பியில் பார்த்து வரைந்தோம். அதன் பொருள் அந்த விளிம்பில் நின்றபோதுதான் விளங்கியது.

அங்கே முன்னர் மசாமா என்ற மலை நின்றது. அதன் உயரம் ஏறத்தாழ 3,700 மீற்றர். எங்கள் பீதுருதாலகாலையை விட ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரம். 7,700 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது, அடியில் இருந்த பாறைக்குழம்பு பெருமளவில் வெளியேறியது. தாங்கியிருந்தது போனதும் மலையின் உச்சி உள்ளே இடிந்து விழுந்தது. அதன் சாம்பல் கனடா வரைக்கும் படிந்தது. கிறீன்லாந்துப் பனிக்கட்டியிலும் அதைக் கண்டிருக்கிறார்கள். அந்தப் பெருங்குழியில் மழையும் பனியும் விழுந்து விழுந்து ஏரியானது. இன்று அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1,883 மீற்றர், கிட்டத்தட்ட நுவரெலியா நகரின் உயரம். ஆழம் 594 மீற்றர். அமெரிக்க நாட்டு ஏரிகளில் ஆகக் கூடிய ஆழம் அதற்குத்தான்.

அந்த ஏரிக்குள் ஓர் ஆறும் வந்து விழுவதில்லை. அதிலிருந்து ஓர் ஆறும் புறப்படுவதில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 12 மீற்றர் அளவில் பனி பொழிகிறது. அதுவும் மழையும்தான் வரவு. வெயிலில் ஆவியாவதும் பாறை வழியே கசிவதும் செலவு. இரண்டும் சமப்பட்டு நீர்மட்டம் ஏறக்குறைய ஓரளவில் நிற்கிறது. ஆறு வராததால் சேறும் வருவதில்லை. அதனால்தான் அந்தத் தெளிவு. கறுப்பும் வெள்ளையுமான ஒரு வட்டத் தட்டை நீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பது விஞ்ஞானிகளின் வழக்கம். அங்கே அது சாதாரணமாக 30 மீற்றர் வரை தெரியும். 1997 இல் 43 மீற்றர் வரை தெரிந்திருக்கிறது. எங்கள் ஊர்க் கிணறுகளில் எத்தனையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த மலை விழுந்ததைக் கண்ட மனிதர்கள் இருந்தார்கள். ஏரிக்கு வடகிழக்கே உள்ள ஒரு குகையில், மசாமாவின் சாம்பல் படைக்கு அடியில், மரப்பட்டை நாரால் பின்னிய பாதணிகளை 1938 இல் அகழ்ந்து எடுத்தார்கள். அவை 9,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அந்தப் பகுதியின் பழங்குடிகளான கிளமத் மக்கள், மேலுலகின் தலைவனான ஸ்கெல்லுக்கும் கீழுலகின் தலைவனான லாவோவுக்கும் நடந்த போரில் மலை இடிந்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். விஞ்ஞானிகள் வந்து பார்த்தபோது, மலை உள்ளே விழுந்தது என்ற அவர்களின் கதை சரியாகவே இருந்தது. அவர்களுக்கு அந்த ஏரி புனிதமான இடம். 1853 இல் பொன் தேடி வந்தவர்கள் அதைக் கண்டு, தாங்களே கண்டுபிடித்ததாக எண்ணி, ஆழ்நீல ஏரி என்று பெயர் வைத்தார்கள். அங்கேயே வாழ்ந்தவர்களிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது.

இனி, எங்களை உறுத்திய பகுதிக்கு வருகிறோம்.

வில்லியம் கிளாட்ஸ்டன் ஸ்டீல் என்று ஒருவர். சிறுவனாகப் பள்ளிக்குப் போன காலத்தில், மதியச் சாப்பாடு சுற்றி வந்த பத்திரிகைத் தாளில் அந்த ஏரியைப் பற்றி வாசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1885 இல் ஏரியை நேரில் கண்டார். கண்ட நாளிலிருந்து அதைக் காப்பதே அவருடைய வாழ்க்கையாகிவிட்டது. 1886 இல் அரசாங்க அளவையாளர்கள் படகொன்றைச் செங்குத்தான சரிவால் இறக்கி, பியானோக் கம்பியில் ஈயப் பாரம் கட்டி ஆழம் அளந்தபோது அவரும் கூட இருந்தார். அவர்கள் கண்ட ஆழம் 608 மீற்றர். 2000 இல் ஒலியலைக் கருவியால் அளந்தவர்களின் கணக்குக்கும் அதற்கும் பதினான்கு மீற்றர்தான் வித்தியாசம். ரீச்சர் சொன்னதுபோல, போதுமான கயிறு இருந்தது. பதினேழு ஆண்டுகள் ஸ்டீல் கடிதம் எழுதினார், கூட்டம் போட்டார், கையிலிருந்த காசைச் செலவழித்தார். 1902 இல் அது தேசிய பூங்காவாகியது. அவர் இல்லாவிட்டால் அந்தக் காடுகளும் கரைகளும் என்னவாகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

அந்த அன்பு மிகுந்த மனிதருக்கு ஒரு குறை தெரிந்தது. இவ்வளவு அழகான ஏரியில் மீன் இல்லையே! ஆறு இல்லாததால் மீன் வர வழி இருக்கவில்லை. 1888 இல் ஸ்டீல் ஒரு வாளியில் மீன் குஞ்சுகளைச் சுமந்து வந்து ஏரியில் விட்டார். வழியில் இறந்தது போக மிஞ்சியவை சொற்பம். பிறகு மற்றவர்களும் தொடர்ந்து விட்டார்கள். 1941 வரை அது நடந்தது. மீனுக்குச் சாப்பாடு வேண்டுமே என்று 1915 இல் நன்னீரில் வாழும் சின்னச் சிங்க இறால் இனம் ஒன்றையும் கொண்டு வந்து விட்டார்கள்.

மீன் இல்லாத அந்த ஏரியில் வேறொரு சீவன் இருந்தது. மசாமா நியூட் என்று பெயர். பல்லி போன்ற உருவம், ஆனால் தவளையைப் போல ஈரூடகவாழி. அந்த வகை உலகில் வேறெங்கும் இல்லை. தன்னைத் தின்ன வரும் பிராணியை அது அந்த ஏரியில் கண்டதில்லை. சிங்க இறால் வந்தது. நியூட்டின் இரையைத் தின்றது, இடத்தைப் பிடித்தது, நியூட்டையும் தின்றது. இன்று கரையின் பெரும்பகுதியில் சிங்க இறால்தான். அது பிடித்த இடங்களில் நியூட்டைக் காண்பது அரிது. பாசியைத் தின்று கரையைத் துப்புரவாக வைத்திருந்த சின்னப் பூச்சிகளையும் அது தின்பதால், அந்தத் தெளிந்த நீரின் கரையோரம் பாசி கூடுகிறது. நாங்கள் போன 2023 இல், எத்தனை மீனையும் பிடித்துக்கொண்டு போகலாம், அனுமதிப் பத்திரமும் தேவையில்லை என்றார்கள். சிங்க இறாலை முற்றாக அகற்ற ஒரு வழியும் இல்லை.

இவற்றையெல்லாம் விளிம்பில் நின்ற பூங்கா அலுவலர் ஒருவர் சொல்லிக் கேட்டோம். அப்போது அது எங்களுக்கு ஒரு தகவல், அவ்வளவுதான்.

ஏரிக்கரைக்கு இறங்க அப்போது ஒரேயொரு பாதைதான் இருந்தது. கிட்டத்தட்ட 1.8 கிலோமீற்றர் நீளம், 213 மீற்றர் இறக்கம். முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர்கள் இருவர் எங்களில் இருந்தார்கள். ஆனாலும் பதினொரு பேரும் இறங்கினோம். ஒருவரின் கையை ஒருவர் பிடிக்காமல் இறங்க முடியாத இடங்கள் இருந்தன. அங்கே வளைவு, குளிரூட்டி என்று பார்க்க முடியவில்லை. கீழே போய்ச் சப்பாத்தைக் கழற்றி நீரில் கால் வைத்தோம். குளிர் எலும்பில் ஏறியது. ஐந்து வரை எண்ணுவதற்குள் எல்லோரும் கத்திக்கொண்டு வெளியே வந்தோம். பாறை இடுக்கில் ஒரு சின்னச் சிங்க இறால் பின்பக்கமாக நகர்ந்து போவதைக் கண்டோம். நியூட் ஒன்றையும் காணவில்லை.

ஏறும்போது மூச்சு வாங்கியது. அறுபத்தைந்து மாடி ஏறுவதற்குச் சமம் என்றார்கள். பாதி வழியில் இளைப்பாற இருந்தோம். அப்போது யாழ்ப்பாணத்திலேயே தங்கிவிட்டவள், இந்த நாற்பது ஆண்டுகளில் ஊரை விட்டு அசையாதவள், மெதுவாகக் கேட்டாள்.

"நான் ஒரு விஷயம் சொல்லட்டோ? கோவிக்க மாட்டியளே?"

2011 இல் எங்கள் வகுப்பு பாடசாலைக்கு இருபது கணினிகளை அன்பளிப்புச் செய்தது. படங்கள் எடுத்தோம், பெயர்ப்பலகை திறந்தோம், இனிப்பு வழங்கினோம், விமானம் ஏறினோம். அவற்றை வைக்க இடம் வேண்டும் என்பதற்காக, வேப்பமரத்துப் பக்கமிருந்த பழைய வாசிப்பறையை ஒழித்துக் கொடுத்தார்கள். நாங்கள் மத்தியானங்களைக் கழித்த அதே வாசிப்பறை. புத்தகங்கள் பெட்டிகளில் கட்டப்பட்டுக் களஞ்சிய அறைக்குப் போயின. கணினிகள் மூன்று ஆண்டுகள் ஓடின. பழுதுபார்க்க ஆளும் இல்லை, காசும் இல்லை. அந்த அறை பூட்டப்பட்டது. கணினியும் போனது, வாசிப்பறையும் போனது. எங்கள் பெயர்ப்பலகை மட்டும் மினுமினுப்பாக இருந்தது.

"ஏனடி இவ்வளவு காலமும் சொல்லேல்லை?" என்று கேட்டோம்.

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையேடி" என்றாள்.

நெடுநேரம் யாரும் பேசவில்லை. கீழே ஏரி அதே நீலத்தோடு கிடந்தது. கொஞ்சம் கழித்து, குழுவை விட்டுப் போனவள்தான் முதலில் வாய் திறந்தாள். "அந்த மனுசனைப் போலத்தான் நாங்களும். வாளியோட வந்திருக்கிறம்" என்றாள். அவளோடு பேசாதிருந்தவள் எழுந்து வந்து பக்கத்தில் இருந்தாள்.

அன்றிரவு பதினொரு பேரும் ஓர் அறையில் கூடி, அதிபருக்கு ஒரு கடிதம் எழுதினோம். அதில் ஒரே கேள்விதான் இருந்தது: பாடசாலைக்கு எது தேவை? கேட்பது எங்களிடமல்ல, பிள்ளைகளிடம் என்றும் எழுதினோம். அதிபர் அவர்கள் மாணவத் தலைவிகளைக் கூட்டி, பெயர் எழுதாமல் துண்டுகளில் எழுதித் தரும்படி சொன்னார். விடை வந்தது. வளைவும் இல்லை, குளிரூட்டியும் இல்லை. கழிப்பறை.

கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மத்தியானத்தில் தண்ணீர் வருவதில்லை. அங்கே போக வேண்டி வரும் என்பதற்காகவே பல பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று அந்தத் துண்டுகளில் எழுதியிருந்தது. நாங்களும் பெண் பிள்ளைகளாக இதே வளாகத்தில் படித்தவர்கள். எங்களில் இருவர் வைத்தியர்கள். ஆனாலும் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

இரண்டாவதாக வந்த விடை: இருந்து வாசிக்க ஓர் இடம்.

நாங்கள் செய்தது பெரிய காரியம் அல்ல. கழிப்பறைகளைத் திருத்தி, தண்ணீர்த் தாங்கி ஒன்றை உயரத்தில் ஏற்றியிருக்கிறோம். துப்புரவு செய்பவருக்கான சம்பளத்தை மாதாமாதம் அனுப்ப ஒழுங்கு செய்திருக்கிறோம். பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, பழுதான கணினிகளை அகற்றி, களஞ்சிய அறையிலிருந்த புத்தகங்களைத் தூசி தட்டித் திரும்ப அடுக்கியிருக்கிறோம். கறையானுக்குப் போனவை போக முக்காற்பங்கு மிஞ்சியிருந்தது. குழாய் பூட்ட வந்தவருக்குப் பக்கத்தில் நின்று வேலை வாங்கியவர்கள், பேசாதிருந்த அந்த இருவரும்தான். பெயர்ப்பலகை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். கழிப்பறைக் கதவில் எங்கள் பெயர் வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். எங்கள் வகுப்பு வரலாற்றில் ஏகமனதாக எடுத்த முதல் தீர்மானம் அதுதான்.

அன்பானவர்களே, ஸ்டீலைக் குறைசொல்ல நாங்கள் இந்தக் கதையைச் சொல்லவில்லை. அந்த ஏரியை அவரளவுக்கு நேசித்தவர்கள் குறைவு. அதைக் காத்த கைதான் மீனையும் விட்டது. நேசிப்பவர்கள்தான் கொடுக்கிறார்கள், கொடுப்பவர்கள்தான் பிழையும் விடுகிறார்கள். அவருடைய ஏரியில் விட்டதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. எங்களுக்கு அந்த அறையைத் திரும்பத் திறக்க முடிந்தது. அது எங்கள் அதிர்ஷ்டம்.

வெளிநாடுகளில் இருக்கும் பழைய மாணவிகளுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். இந்த நூற்றாண்டில் நீங்களும் ஏதாவது கொடுப்பீர்கள். மனமுவந்து கொடுங்கள். ஆனால் வாளியைத் தூக்குமுன் ஒருமுறை கேளுங்கள். நாங்கள் படித்த காலத்துப் பாடசாலை எங்கள் நினைவில் இருக்கிறது. இன்றைய பாடசாலை இன்று இங்கே படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று. பெரியவர்கள் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கோபிக்க மாட்டோம்.